பிரஷர் அறையில் ஆக்சிஜன்: ஆறாத சர்க்கரைப் புண்ணை ஆற்றுமா?

காலில் ஒரு புண். வந்து இரண்டு மாதம் ஆகிறது. கட்டு மாற்றி மாற்றி வீட்டில் எல்லோரும் சோர்ந்துபோன நேரத்தில், குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ ஒரு ரீல்ஸைத் தட்டிவிடுகிறார்கள். கண்ணாடிக் குழாய் மாதிரி ஒரு அறை. உள்ளே ஒருவர் படுத்துக்கொண்டு டிவி பார்க்கிறார். ‘ஆக்சிஜனை அழுத்தத்தில் கொடுத்தால் எந்தப் புண்ணும் ஆறும், காலை எடுக்க வேண்டாம்’ என்கிறது பின்னணிக் குரல்.

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ இருக்கும் குடும்பத்துக்கு அடுத்த கேள்வி உடனே வந்துவிடும்: அப்பாவை சென்னைக்கு அழைத்துக்கொண்டு போகலாமா?

சுருக்கமான பதில்: இது உண்மையான மருத்துவ சிகிச்சைதான், ஏமாற்று வேலை இல்லை. ஆனால் எல்லாப் புண்ணுக்குமானது இல்லை. முதலில் செய்ய வேண்டியதும் இல்லை. அதற்கு முன்னால் செய்ய வேண்டிய சில விஷயங்களைத் தவறவிட்டால், அறைக்குள் எத்தனை மணி நேரம் படுத்திருந்தாலும் கால் தப்புவது கஷ்டம். ஏன் என்று பார்க்கலாம்.

அது என்ன சிகிச்சை?

மருத்துவர்கள் இதை ஹைப்பர்பேரிக் ஆக்சிஜன் தெரபி என்கிறார்கள். தமிழில் உயர் அழுத்த ஆக்சிஜன் சிகிச்சை. காற்றுப் புகாத ஓர் அறைக்குள் நோயாளியை வைத்து, உள்ளே அழுத்தத்தைக் கூட்டி, சுத்தமான ஆக்சிஜனைச் சுவாசிக்க வைப்பார்கள்.

நாம் சாதாரணமாக இருப்பது 1 வளிமண்டல அழுத்தத்தில். இந்த அறைக்குள் பொதுவாக 2 முதல் 2.5 மடங்கு வரை ஏற்றுவார்கள். 2.4 மடங்கு என்பது கடலுக்குள் சுமார் 14 மீட்டர் ஆழத்தில் உடல் உணரும் அழுத்தம். ஒரு தடவை உள்ளே போனால் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். சர்க்கரைப் புண்ணுக்கு என்றால் வாரத்துக்கு 5 நாள் வீதம் 30 முதல் 40 தடவை வரை போக வேண்டியிருக்கும்.

காலை மட்டும் ஒரு பையில் வைத்து ஆக்சிஜன் விடுவது வேறு சிகிச்சை. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

அழுத்தம் எதற்கு? ஆக்சிஜன் மாஸ்க் போதாதா?

இங்கேதான் கோலி சோடா உதவிக்கு வருகிறது. சோடா பாட்டிலில் கேஸை அழுத்தி அடைக்கும்போது அது தண்ணீரில் கரைகிறது. கோலியை உள்ளே தட்டியதும் அழுத்தம் குறைகிறது. கரைந்திருந்த கேஸ் நுரைத்துக்கொண்டு வெளியே வருகிறது. அழுத்தம் கூடினால் திரவத்தில் கரையும் வாயுவின் அளவும் கூடும். ஹென்றி விதி என்று ஸ்கூலில் படித்தது இதைத்தான்.

ரத்தத்திலும் அதே கதை. சாதாரணமாக ஆக்சிஜனைச் சுமப்பது சிவப்பணுவில் இருக்கும் ஹீமோகுளோபின். 100 மி.லி. ரத்தத்தில் அது கிட்டத்தட்ட 20 மி.லி. ஆக்சிஜனைத் தூக்கிக்கொண்டு போகும். ஆரோக்கியமான ஒருவருக்கு அது ஏற்கெனவே ஏறக்குறைய ஹவுஸ்ஃபுல். மாஸ்க் போட்டாலும் அதில் பெரிதாக எதுவும் கூடாது.

ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவில் கரைந்திருக்கும் ஆக்சிஜன், சாதாரணக் காற்றைச் சுவாசிக்கும்போது 100 மி.லி.க்கு வெறும் 0.3 மி.லி.தான். சுத்தமான ஆக்சிஜனை 3 மடங்கு அழுத்தத்தில் சுவாசித்தால் அது சுமார் 6 மி.லி. ஆகிவிடும். அதாவது, ஏறக்குறைய 20 மடங்கு.

ஓய்வில் இருக்கும் உடலின் தேவைக்கு இதுவே ஓரளவு போதும். 1960-ல் ஆம்ஸ்டர்டாமில் இட்டே பூரெமா என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர் இதைச் சோதித்துக் காட்டினார். பன்றிகளின் ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஏறக்குறைய இல்லாத அளவுக்கு மாற்றிவிட்டு, உயர் அழுத்த அறையில் ஆக்சிஜன் கொடுத்தே அவற்றை உயிரோடு வைத்திருந்தார்.

புண்ணுக்குள் என்ன நடக்கும்?

ஆறாத புண்ணின் நடுப்பகுதி ஆக்சிஜனுக்கு ஏங்கும் இடம். ரத்தக் குழாய்கள் சேதமாகியிருக்கும், சுற்றிலும் வீக்கம் இருக்கும், கிருமிகள் வேறு இருக்கிற ஆக்சிஜனைத் தின்றுகொண்டிருக்கும். அங்கே ஆக்சிஜன் கூடும்போது நான்கு வேலைகள் நடக்கின்றன.

• கிருமியைக் கொல்லுதல்: வெள்ளையணுக்கள் கிருமிகளைத் தாக்க ஆக்சிஜனைத்தான் ஆயுதமாக மாற்றுகின்றன. ஆக்சிஜன் இல்லாத வெள்ளையணு, தோட்டா இல்லாத துப்பாக்கி.

• கொலாஜன் உற்பத்தி: புதுத் தசைக்குச் சாரம் கட்டுவது கொலாஜன் என்ற புரதம். அந்த இழைகள் உறுதியாக முறுக்கேற ஆக்சிஜன் கட்டாயம் வேண்டும்.

• புது ரத்தக் குழாய்கள்: திரும்பத் திரும்ப ஆக்சிஜன் ஏறி இறங்கும்போது, புதிய நுண்குழாய்கள் முளைப்பதற்கான சிக்னல்கள் தூண்டப்படுகின்றன. ஒரே நாளில் முடியாமல் வாரக்கணக்கில் போக வேண்டியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

• வீக்கம் குறைதல்: அதிக ஆக்சிஜன் ரத்தக் குழாய்களை லேசாகச் சுருக்கும். அதனால் திசுக்களில் நீர் தேங்குவது குறையும்.

கேட்க எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு ‘ஆனால்’ உண்டு. கூடுதல் ஆக்சிஜனைச் சுமந்துகொண்டு ரத்தம் புண் வரைக்கும் போய்ச் சேர வேண்டுமே? தொடையிலோ முழங்காலுக்குக் கீழேயோ பெரிய ரத்தக் குழாய் முழுசாக அடைத்திருந்தால், ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் இருந்தும் பயன் குறைவு. பைப் அடைத்திருக்கும்போது டேங்கை நிரப்பிப் பிரயோஜனம் இல்லை.

சர்க்கரைப் புண் ஏன் ஆறுவதில்லை?

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர்-இண்டியாப் ஆய்வின்படி, இந்தியாவில் சர்க்கரை நோய் இருப்பவர்கள் சுமார் 10.1 கோடி. தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 14.4 சதவீதம் பேர். ஏழு பேருக்கு ஒருவர். சர்க்கரை நோயாளிகளில் 19 முதல் 34 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது காலில் புண் வரலாம் என்பது மருத்துவ உலகின் மதிப்பீடு.

இதற்கு ஆக்சிஜன் குறைவு மட்டும் காரணம் இல்லை. முதல் குற்றவாளி, நரம்பு மரத்துப்போவது. திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கி.மீ. விழுப்புரம், திண்டிவனத்திலிருந்து பௌர்ணமிதோறும் பஸ் ஏறிப் போய் வெறுங்காலில் சுற்றி வருகிறவர்கள் ஏராளம். காலில் உணர்ச்சி இருப்பவருக்குக் கல் குத்தினால் ‘ஆ’ என்று நின்றுவிடுவார். உணர்ச்சி போனவர், கொப்புளம் உடைந்ததுகூடத் தெரியாமல் மீதி தூரத்தையும் நடந்து முடிப்பார். மத்தியானக் கோயில் கல்தரை சுட்டதும் தெரியாது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, இரண்டு ஊருக்கும் நடுவே இருக்கும் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. அப்படி நிற்கும் வெள்ளத்துக்குள் எது குத்தியது என்பது மரத்துப்போன காலுக்குத் தெரியாது.

இரண்டாவது, ரத்தக் குழாய் அடைப்பு. மூன்றாவது, எலும்பு வரை இறங்கும் கிருமித்தொற்று. இந்த மூன்றுக்கும் மேல், புண் இருக்கும் காலையே ஊன்றித் தினமும் நடப்பது.

வேலூர் சொல்லிக்கொடுத்த பாடம்

கடைசியாகச் சொன்ன அந்த விஷயம் எவ்வளவு முக்கியம் என்பதை உலகத்துக்குச் சொன்ன இடங்களில் ஒன்று நம்ம வேலூர். கொல்லிமலையில் 1914-ல் பிறந்த பால் பிராண்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர், 1946-ல் வேலூர் சி.எம்.சி.யில் சேர்ந்தார். தொழுநோயாளிகளின் விரலும் பாதமும் ‘தானாக அழுகி விழுகின்றன’ என்றுதான் அதுவரை பலரும் நம்பினார்கள். உண்மைக் காரணம் வலி தெரியாததுதான் என்று பிராண்ட் காட்டினார். வலி இல்லாததால் காயம்பட்ட இடத்தையே மறுபடி மறுபடி ஊன்றுகிறார்கள். அதனால் அது ஆறுவதே இல்லை.

அவர் கையில் எடுத்தது சாதாரண மாவுக்கட்டு. பாதத்தை ஒட்டிக் கட்டுப் போட்டால் நடக்கும்போது எடை ஒரே இடத்தில் இறங்காமல் பரவும். 1966-ல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போன பிராண்ட், இந்த அறிவையும் கூடவே கொண்டுபோனார். பிறகு சர்க்கரைப் புண்ணுக்கும் அது பரவியது. இன்றைக்கும் பாதத்தின் அடியில் வரும் சர்க்கரைப் புண்ணுக்கு, முழங்கால் வரை வரும், நோயாளியே கழற்ற முடியாத கட்டு அல்லது காலணியைத்தான் சர்வதேச வழிகாட்டுதல்கள் முதல் தேர்வாகச் சொல்கின்றன. ஆக்சிஜன் அறை அதற்கு மாற்று இல்லை.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

ஒரே மாதிரி சொல்லவில்லை என்பதுதான் நேர்மையான பதில்.

• 2010, சுவீடன்: 94 நோயாளிகள். ஒரு பிரிவுக்கு அறைக்குள் ஆக்சிஜன், இன்னொரு பிரிவுக்கு அதே அறைக்குள் வெறும் காற்று. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. ஓராண்டு முடிவில் புண் ஆறியவர்கள்: ஆக்சிஜன் பிரிவில் 52 சதவீதம், காற்றுப் பிரிவில் 29 சதவீதம்.

• 2016, கனடா: 103 நோயாளிகள், இதே மாதிரி சோதனை. புண் ஆறியவர்கள் ஆக்சிஜன் பிரிவில் 20 சதவீதம், மற்றப் பிரிவில் 22 சதவீதம். வித்தியாசமே இல்லை.

• 2018, நெதர்லாந்து: ரத்த ஓட்டக் குறைவும் இருந்த 120 நோயாளிகள். ஓராண்டில் கால் தப்பியவர்கள் ஆக்சிஜன் பிரிவில் 88 சதவீதம், மற்றப் பிரிவில் 78 சதவீதம். பார்க்க நல்ல வித்தியாசம் மாதிரி தெரியும். ஆனால் இது தற்செயலாக வந்திருக்கவும் வாய்ப்பு உண்டு என்கிறது புள்ளியியல்.

2015-ல் காக்ரேன் அமைப்பு பழைய ஆய்வுகளைச் சேர்த்து அலசியது. 6 வாரக் கணக்கில் புண் ஆறும் வாய்ப்பு கூடுகிறது. ஓராண்டுக் கணக்கில் அந்தப் பலன் உறுதியாகவில்லை. பெரிய அளவில் காலை எடுப்பது குறைகிறது என்பதற்கும் தெளிவான ஆதாரம் கிடைக்கவில்லை என்றது.

சர்க்கரைப் பாதத்துக்கான சர்வதேசக் குழு 2023-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து ஒரு நடுவழியைச் சொல்கிறது. ரத்த ஓட்டக் குறைவு இருக்கும் புண், வழக்கமான நல்ல சிகிச்சை கொடுத்தும் ஆறவில்லை, ஏற்கெனவே வசதியும் இருக்கிறது என்றால் துணைச் சிகிச்சையாக யோசிக்கலாம். ‘துணை’ என்ற சொல்லை அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டும்.

அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீடும் இதே ரூட்தான். எலும்பு, சீழ் வரை போன ஆழமான புண்ணாக இருக்க வேண்டும். 30 நாள் முறையான சிகிச்சை கொடுத்தும் முன்னேற்றம் தெரியாமல் இருக்க வேண்டும். அப்போதுதான் பணம் தரும். தொடங்கிய பிறகும் 30 நாளுக்கு ஒருமுறை பலன் தெரிகிறதா என்று பார்க்கும், இல்லையென்றால் நிறுத்திவிடும்.

அதே நேரம், இந்தச் சிகிச்சைக்கு நன்றாக வேரூன்றிய இடங்களும் உண்டு. ஆழ்கடல் டைவர்களுக்கு வரும் அழுத்த நோய், கார்பன் மோனாக்சைடு விஷம், வாயுத் திசு அழுகல், புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்த இடத்தில் பின்னாளில் வரும் சில ஆறாத காயங்கள், விபத்தில் நசுங்கிய கை கால், ஒட்டாமல் தடுமாறும் தோல் ஒட்டு ஆகியவை அந்தப் பட்டியலில் வருகின்றன.

விழுப்புரம் டூ சென்னை: ஒரு கணக்கு

சென்னையில் சில தனியார் மருத்துவமனைகளில் இந்த அறை இருக்கிறது. விழுப்புரத்திலிருந்து சென்னை சுமார் 160 கி.மீ. தினமும் போய் வந்தால் 30 அமர்வுக்கு 9,600 கி.மீ. திண்டிவனத்திலிருந்து சுமார் 120 கி.மீ. என்று வைத்தாலும் 7,200 கி.மீ.

பணத்தையும் நேரத்தையும் விடுங்கள். காலைக் கவனியுங்கள். பஸ்ஸில் மூன்று மணி நேரம் காலைத் தொங்கப்போட்டால் வீக்கம் கூடும். கிளாம்பாக்கத்தில் இறங்கி, மாநகரப் பஸ் நிற்கும் பக்கம் நடந்து, மறுபடி ஏறி இறங்கி... ஒவ்வொரு அடியும் புண்ணின் மேல்தான். ஊன்றாமல் இருக்க வேண்டிய காலை, சிகிச்சைக்காகவே தினமும் ஊன்ற வைப்பது முரண்.

இது வெறும் கற்பனைக் கவலை இல்லை. நெதர்லாந்து ஆய்வில் ஆக்சிஜன் பிரிவில் இருந்த 60 பேரில் 39 பேர்தான் திட்டமிட்டபடி முழுசாக முடித்தார்கள். சின்ன நாடு, நல்ல சாலை, நல்ல காப்பீடு. அங்கேயே மூன்றில் ஒருவரால் முடியவில்லை. எனவே போவது என்று முடிவானால், தினசரிப் பயணத்தைவிட மருத்துவமனைக்குப் பக்கத்தில் தங்குவதற்கு ஏற்பாடு செய்வதுதான் காலுக்கு நல்லது.

பக்கத்திலேயே முதலில் என்ன செய்யலாம்?

விழுப்புரம் அருகே முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையிலேயே, கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. சென்னை டிக்கெட் எடுப்பதற்கு முன் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை இவை:

1. ரத்த ஓட்டம் எப்படி? கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தம் எடுத்து ஒப்பிடுவது, டாப்ளர் ஸ்கேன் ஆகியவை அடைப்பைக் காட்டும். சர்க்கரை நோயில் குழாய்கள் கெட்டியாகிவிடுவதால் கணுக்கால் கணக்கு சில நேரம் நார்மல் போல ஏமாற்றும். கால் விரலில் அழுத்தம் பார்ப்பது உதவும். நல்ல சிகிச்சை கொடுத்தும் 4 முதல் 6 வாரத்தில் புண் ஆறவில்லை என்றால், மற்ற டெஸ்ட் எப்படி இருந்தாலும் ரத்தக் குழாயைப் படம் எடுத்துப் பார்ப்பது நல்லது. அடைப்பு இருந்தால் பலூன் வைத்தோ பைபாஸ் செய்தோ திறக்க முடியுமா என்பதுதான் முதல் கேள்வி.

2. எலும்பில் தொற்று இருக்கிறதா? எக்ஸ்ரே, தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ.

3. செத்த சதையை முழுசாக எடுத்தாச்சா? அது இருக்கும் வரை மேலே எந்த மருந்து போட்டும் பலன் இல்லை.

4. காலை ஊன்றாமல் இருக்க என்ன ஏற்பாடு? மாவுக்கட்டா, சிறப்புக் காலணியா? ‘நடக்காதீங்க’ என்று வாயால் சொல்வது மட்டும் ஏற்பாடு ஆகாது.

5. சர்க்கரை அளவு, சாப்பாட்டில் புரதம், சிகரெட், பீடி. சாதாரண விஷயங்கள்தான். ஆனால் இவை சரியில்லை என்றால் புண் ஆறுவது தள்ளிக்கொண்டே போகும்.

இந்த ஐந்துக்கும் பதில் கிடைத்து, அதற்குப் பிறகும் ஒரு மாதமாகப் புண் சுருங்கவில்லை என்றால், ‘ஆக்சிஜன் சிகிச்சை எனக்குப் பொருந்துமா?’ என்பது நியாயமான கேள்வி. புண்ணைச் சுற்றியுள்ள தோலில் ஆக்சிஜன் அளவை ஒரு சென்சார் ஒட்டிப் பார்க்கும் டெஸ்ட் உண்டு. யாருக்குப் பலன் கிடைக்க வாய்ப்பு என்று கணிக்க அது உதவும். மொத்தம் எத்தனை அமர்வு, எத்தனை அமர்வுக்குப் பிறகு பலனைப் பார்த்து நிறுத்துவதா தொடர்வதா என்று முடிவெடுப்பார்கள், மொத்தச் செலவு எவ்வளவு, முதல்வர் காப்பீட்டு அட்டை செல்லுமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

ஆபத்து உண்டா?

பெரும்பாலும் சின்னவை. ஃபிளைட் ஏறும்போது மாதிரி காது அடைக்கும். சளி இருந்தால் வலி அதிகம். சிலருக்குக் கிட்டப்பார்வை தற்காலிகமாகக் கூடும். ரொம்ப அரிதாக வலிப்பு வரலாம். சர்க்கரை நோயாளிகளுக்கு உள்ளே இருக்கும்போது சர்க்கரை டக்கென்று இறங்க வாய்ப்பு உண்டு. அதனால் உள்ளே போவதற்கு முன் அளந்து பார்ப்பது அவசியம்.

நுரையீரலைச் சுற்றிக் காற்றுக் கசிவு இருந்து சிகிச்சை எடுக்காதவர்கள் கண்டிப்பாக உள்ளே போகக் கூடாது. நுரையீரல் நோய், வலிப்பு, பேஸ்மேக்கர், காது ஆபரேஷன், புற்றுநோய் மருந்து எதுவாக இருந்தாலும் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

பெரிய ஆபத்து தீ. சுத்தமான ஆக்சிஜனில் சின்னப் பொறியும் பெருந்தீயாகும். 1997-ல் இத்தாலியின் மிலான் நகர மருத்துவமனை ஒன்றில் இந்த அறையில் தீப்பிடித்து 11 பேர் இறந்தார்கள். 2025 ஜனவரியில் அமெரிக்காவின் மிச்சிகனில் ஒரு தனியார் மையத்தில் 5 வயதுச் சிறுவன் பலியானான். அதனால்தான் உள்ளே போகும் முன் மையத்தில் தரும் பருத்தி உடைக்கு மாறச் சொல்வார்கள். போன், பவர் பேங்க், லைட்டர், பாலியஸ்டர் துணி எதுவும் கூடாது. நம்ம ஊர் வழக்கப்படி தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு போவதும் கூடாது. இதையெல்லாம் கண்டுகொள்ளாத மையம் என்றால், அங்கேயிருந்து கிளம்பிவிடலாம்.

அதேபோல ‘இளமை திரும்பும்’, ‘ஆட்டிசம் குணமாகும்’ என்ற விளம்பரங்களோடு வெல்னஸ் சென்டர்களில் கிடைக்கும் காற்றடைத்த பை போன்ற அறைகளும் இதுவும் ஒன்றல்ல. அவற்றில் அழுத்தமும் குறைவு, ஆக்சிஜனும் குறைவு. நிரூபணம் இல்லாத இதுபோன்ற பயன்பாடுகள் பற்றி அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. ஏற்கெனவே எச்சரித்திருக்கிறது.

தினமும் இரண்டு நிமிஷம்

சர்க்கரை நோயால் கால் எடுக்கப்படுபவர்களில் சுமார் 85 சதவீதம் பேருக்கு, அதற்கு முன் காலில் ஒரு புண் இருந்திருக்கிறது. அதாவது தடுக்கக் கிடைத்த வாய்ப்பு, கண்ணுக்குத் தெரியும் இடத்திலேயே இருந்திருக்கிறது.

இரவு படுக்கும் முன் அம்மா, அப்பாவின் உள்ளங்காலை போன் டார்ச் அடித்துப் பார்க்க இரண்டு நிமிஷம் போதும். விரல் இடுக்கில் வெடிப்பு, சிவப்பு, கொப்புளம், கறுத்த இடம், நாற்றம் எது தெரிந்தாலும் மறுநாளே ஆஸ்பத்திரி. வீட்டுக்குள்ளும் செருப்பு, மாட்டுவதற்கு முன் உள்ளே கல், முள் இருக்கிறதா என்று கையை விட்டுப் பார்ப்பது, கிரிவலத்துக்கும் கோயிலுக்கும் போவதற்கு முன் பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்ற பரிசோதனை. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலரிடமும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும், ‘பாதம் பாதுகாப்போம்’ திட்டத்தில் காலை எங்கே காட்டலாம் என்று கேட்கலாம்.

வீட்டில் ஏற்கெனவே ஆறாத புண் இருந்தால், இன்றைக்கே புண்ணின் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து போட்டோ எடுத்துவையுங்கள். வாரம் ஒன்று, அதே வெளிச்சத்தில். நான்கு போட்டோவிலும் அளவு குறையவே இல்லை என்றால், அதை அப்படியே மருத்துவரிடம் காட்டி முதல் கேள்வியாக ‘ரத்த ஓட்டம் பார்த்தாச்சா?’ என்று கேளுங்கள். ஆக்சிஜன் அறை பற்றிய கேள்வி அதற்குப் பிறகு.